எல்.எல்.சி இல்லாத ஊரில் ஒரு வெப் டிசைனர்

போன தை மாசம் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினான். பதினோரு பக்கம், முழுக்க ஆங்கிலம். "மாமா, ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க. நாளைக்குக் கையெழுத்து" என்று கீழே ஒரு வரி. பையன் பி.இ. முடிச்சு, பெங்களூரில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்து, அது ஒத்துவராமல் நாகல் நகர் வீட்டுக்கே திரும்பி, சொந்தமா வெப் டிசைன் ஆரம்பிச்சிருக்கான். முதல் வாடிக்கையாளர் சின்னாளப்பட்டியில் ஒரு சேலைக்கடை. சுங்குடிச் சேலைகளைப் படம் பிடித்துப் போட ஒரு தளம், வாட்ஸ்அப்பில் ஆர்டர் வர ஒரு பட்டன். மொத்தம் 30,000 ரூபாய் வேலை.

ஒன்பதாம் பக்கத்தில், தகராறு வந்தால் டெலவேர் மாநிலச் சட்டப்படி தீர்க்கப்படும் என்று இருந்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் சின்னாளப்பட்டி டவுன் பஸ் தூரம். அந்தக் கடைக்காரருக்கும் இவனுக்கும் சண்டை வந்தால் பஞ்சாயத்து அமெரிக்காவில். சிரிச்சுட்டேன். ஆனால் திரும்ப முதலில் இருந்து படித்தபோது சிரிப்பு போய்விட்டது. பணம் பில் கொடுத்து 60 நாளில். வேலை முழுவதும் 'வொர்க் மேட் ஃபார் ஹயர்'. இரண்டு வருஷத்துக்கு வேறு சேலைக்கடைக்கு வேலை செய்யக்கூடாது. டொமைன் யார் பேரில், பாஸ்வேர்டு யார் கையில் என்று பதினோரு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

"எங்கடா எடுத்த இதை?"

"ஃப்ரீலான்ஸ் தொடங்குவது எப்படின்னு ஒரு வீடியோ மாமா. கீழ லிங்க் இருந்துச்சு."

அடுத்த மூன்று வாரம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இந்த வகை வீடியோக்களையும் கட்டுரைகளையும்தான் பார்த்தேன். ஆங்கிலத்தில் நிறைய, தமிழில் ஓரளவு. நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. சட்டப் பிரிவுகளைப் பொழுதுபோக்காகப் படிக்கிற ஒரு சாஃப்ட்வேர்காரன். இது அந்த ஆலோசனை இலக்கியத்தைப் பற்றிய என் விமர்சனம்.

முதல் குறை, வரிசை. அமெரிக்கக் கட்டுரைகளில் எல்லாம் ஒரே வரிசைதான்: பேர் வை, எல்.எல்.சி பதிவு செய், தனி வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ், சேல்ஸ் டாக்ஸ், கடைசியில் ஒப்பந்தம். தமிழ் வீடியோக்கள் இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு பேரை மட்டும் மாத்துறாங்க. எல்.எல்.சி இருந்த இடத்தில் பிரைவேட் லிமிடெட், சேல்ஸ் டாக்ஸ் இருந்த இடத்தில் ஜிஎஸ்டி. மொழிபெயர்ப்பு அவ்வளவுதான்.

அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. அங்கே ஒரு டிசைனரின் பயம், யாராவது வழக்குப் போட்டுத் தன் வீட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்பது. அதனால் முதலில் தனக்கும் தொழிலுக்கும் நடுவே ஒரு சுவர் கட்டுகிறார். நியாயம்தான். இங்கே? இருபது வருஷமாக இந்த வட்டாரத்தில் வெப்சைட் செய்கிற பையன்களைப் பார்க்கிறேன். தளம் சரியில்லை என்று டிசைனர் மேல் வழக்குப் போட்ட ஒரு முதலாளியைக் கூட நான் கேள்விப்பட்டதில்லை. காசு வரலை என்று புலம்பாத டிசைனரையும் பார்த்ததில்லை. நம்ம பயம் வேறு, அதனால் நம்ம வரிசையும் வேறாகத்தான் இருக்கணும்.

பிரைவேட் லிமிடெட் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் வருஷா வருஷம் ஆடிட் கட்டாயம். கம்பெனிப் பதிவாளருக்கு ஆண்டுப் படிவங்கள் கட்டாயம். தாமதமானால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். தனியாள் கம்பெனி என்று 2013 கம்பெனிச் சட்டத்தில் ஒன்று வந்தது, அதற்கும் ஆடிட் உண்டு. 30,000 ரூபாய் வேலையில் ஆரம்பிக்கிற பையனுக்கு இது எதற்கு? உன் பேரிலேயே தொழில் செய்தால் அது தனியுரிமைத் தொழில். அதற்கென்று தனிப் பதிவே கிடையாது. நாளைக்குக் கூட்டாளி வந்தால், முதலீடு வந்தால் அப்போது கம்பெனியைப் பற்றி யோசிக்கலாம். கம்பெனி பதிவு செய்து கொடுப்பதே தொழிலாக இருப்பவர்களின் விளம்பரம் அந்த வீடியோக்களுக்கு நடுவில் வருவதைக் கவனித்தால், வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்பதும் கொஞ்சம் புரியும்.

ஜிஎஸ்டி விஷயத்தில் சொல்லப்படும் தப்பு இன்னும் பெரிசு. "வெளிமாநில கிளையன்ட் ஒருத்தர் வந்தாலே ஜிஎஸ்டி கட்டாயம்" என்று மூன்று வீடியோவில் கேட்டேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சட்டம் அப்படித்தான் இருந்தது. அதே வருஷம் அக்டோபரில் ஒரு அறிவிக்கை போட்டு, சேவை தருபவர்களுக்கு அதைத் தளர்த்திவிட்டார்கள். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பதிவு தேவையில்லை, கிளையன்ட் கொச்சியில் இருந்தாலும் சரி. தேவையில்லாமல் பதிவு செய்தால் என்ன ஆகும்? 30,000-க்கு மேல் 18 விழுக்காடு, 5,400 ரூபாய். பதிவு இல்லாத சின்னக் கடைக்காரர் அதைத் திரும்ப எடுக்க முடியாது. அவருக்கு நீ அத்தனை விலை கூடிய டிசைனர். அதுபோக, வரவே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போடணும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அந்த 20 லட்சம் வெப்சைட் வருமானம் மட்டுமில்லை. உன் பான் எண்ணில் வருகிற கடை வாடகை, வெளிநாட்டு கிளையன்ட் அனுப்புகிற டாலர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். வெளிநாட்டு வேலை ஏற்றுமதி என்பதால் வரி பூஜ்யம் என்பது சரி. ஆனால் வரம்பை எண்ணும்போது அதுவும் எண்ணப்படும். பதிவு செய்த பிறகு வெளிநாட்டுக்கு வரி கட்டாமல் பில் போட வருஷத்துக்கு ஒருமுறை எல்.யு.டி என்ற உறுதிக் கடிதம் இணையத்திலேயே கொடுத்தால் போதும்.

வருமான வரி இதைவிட எளிது, அதனாலோ என்னவோ வீடியோக்களில் அதற்கு நேரமே ஒதுக்குவதில்லை. தகவல் தொழில்நுட்பத்தை ஒரு தொழிற்புலமாக 2001-லேயே அறிவித்திருக்கிறார்கள். அதனால் 44 ஏடிஏ என்ற பழைய பிரிவுப்படி, வரவில் பாதியை லாபம் என்று காட்டிவிட்டு, கணக்குப் புத்தகம் எழுதாமல் ரிட்டர்ன் போடலாம். வரம்பு 50 லட்சம். ரொக்கமாக வாங்கியது 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் 75 லட்சம். ஆண்டுக்கு 15 லட்சம் வந்தால் ஏழரை லட்சம் வருமானம். புதிய வரி முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். ஆனால் வரி பூஜ்யம் என்றால் ரிட்டர்னும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. கிளையன்ட் டிடிஎஸ் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்ப வரும். 2025-ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அரைக்கு அரை என்ற கணக்கு அப்படியேதான். இதுபோக மாநகராட்சிக்கு ஆறு மாசத்துக்கு ஒருமுறை தொழில் வரி. ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய். சொந்தத் தொழில் செய்பவருக்கும் உண்டு.

இவ்வளவும் ஓரச் செய்தி. மையமான விஷயம் பணம், உரிமை, சாவி மூன்றும்.

இந்த இலக்கிய வகையிலேயே உருப்படியானது என்று நான் நினைப்பது மைக் மொன்டீரோவின் 2011 பேச்சு. சான் பிரான்சிஸ்கோவில் டிசைன் கம்பெனி நடத்துபவர். தலைப்பை இங்கே எழுத முடியாது. கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து 'பே மீ' என்று முடியும். தன் வக்கீலையே மேடையில் உட்கார வைத்துக்கொண்டு பேசினார். அடுத்த வருஷம் 'டிசைன் இஸ் எ ஜாப்' என்ற புத்தகமும் வந்தது. அவர் வரிசையில் ஒப்பந்தம் முதலில் இருக்கிறது. ஒப்பந்தம் இல்லாமல் வேலை தொடங்காதே, முழுப் பணம் வந்த பிறகே உரிமை கைமாறட்டும் என்கிறார். இரண்டும் நமக்கும் பொருந்தும். பொருந்தாதது அந்த வக்கீல். அவருடைய வேலைகளின் அளவுக்கு வக்கீல் கட்டணம் கட்டுப்படியாகும். 30,000 ரூபாய் வேலைக்கு நம்மால் வக்கீல் வைக்க முடியாது. ஆகவே அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு நம்ம பையன் செய்வது, வக்கீலுக்குப் பதில் ஒரு பிடிஎஃப் இறக்குவது. மொன்டீரோ வக்கீலை வைத்ததே அவர் ஊர்ச் சட்டம் தெரிந்த ஆள் வேணும் என்பதற்காக. அந்த ஒன்றைத்தான் நாம் விட்டுவிட்டோம்.

நம்ம ஊர்ச் சட்டம் என்ன சொல்லுது? எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

நியூயார்க் நகரம் ஃப்ரீலான்ஸ்காரர்களுக்காக ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது, 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 800 டாலரில் இருந்து மேலே எந்த வேலைக்கும் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தேதி எழுதாவிட்டால் வேலை முடிந்து 30 நாளில் பணம். ஆங்கில வலைப்பதிவுகள் அதைக் கொண்டாடின. நாமும் பகிர்ந்தோம், நானும் பகிர்ந்தேன். அப்போது எனக்குத் தெரியாது, அதைவிடக் கடுமையான ஒன்று இந்தியாவில் 2006-லேயே இருக்கிறது என்று. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம். அதன் 15-ஆம் பிரிவு: பணம் எழுதிய தேதியில் வரணும், அந்தத் தேதி 45 நாளைத் தாண்டக்கூடாது. தேதியே எழுதாவிட்டால் 15 நாள். 16-ஆம் பிரிவு: தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. பேங்க் ரேட் ஐந்தரை என்று வைத்துக்கொண்டால் பதினாறரை விழுக்காடு. கிளையன்ட் வேறு மாதிரி எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது. அக்கா மகன் கையெழுத்துப் போட இருந்த '60 நாள்' நம்ம சட்டப்படி வெறும் மை.

இன்னொன்றும் அதில் இருக்கு. டிசைனர்கள் எல்லாருக்கும் தெரிந்த நோய், முடிவில்லாத 'சின்ன மாற்றம்'. "இந்த கலர் மட்டும் மாத்திட்டா பணம் போட்டுடலாம் தம்பி" என்று நாலு மாசம் ஓடும். சட்டத்தில் 'ஏற்றுக்கொண்ட நாள்' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். 45 நாள் அங்கிருந்து ஓட ஆரம்பிக்கும். அதனால் தளத்தை ஒப்படைக்கும் அன்று, "இன்று ஒப்படைத்துவிட்டேன்" என்று ஒரு மின்னஞ்சல் போடுவது பத்து பக்கப் பிடிஎஃப்பைவிட மதிப்பானது.

இந்தச் சட்டத்துக்குள் வர ஒரே நுழைவாயில் உத்யம் பதிவு. 2020 ஜூலை 1-ல் வந்தது. ஆதார், பான் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் அரசுத் தளம் இல்லை. தகராறு வந்த பிறகு ஓடிப் போய்ப் பதிவு செய்தால் பழைய பில்லுக்கு உதவாது என்பதுதான் 2021-ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. எனவே முதல் பில்லுக்கு முன்னால். வங்கியில் தொழில் பேரில் கணக்குத் தொடங்கவும் அந்தச் சான்று உதவும். புரியாவிட்டால் ஊரிலேயே மாவட்டத் தொழில் மையம் இருக்கு. நான் பார்த்த வீடியோக்களில் இரண்டில் உத்யம் பேச்சு வந்தது, இரண்டிலும் 'லோன் கிடைக்கும்' என்பதற்காக மட்டும்.

அப்படியும் பணம் வராவிட்டால் வசதியாக்கக் குழுவிடம் இணையத்திலேயே மனுப் போடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று மண்டலக் குழுக்கள், நமக்கு மதுரை. குழு தீர்ப்புச் சொன்ன பிறகு அதை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் கிளையன்ட், முதலில் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டைக் கட்டிவிட்டுத்தான் வாய் திறக்கணும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டில் இருந்து வருமான வரிச் சட்டத்திலும் 43 பி (எச்) என்று ஒரு கொக்கி போட்டார்கள். குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டியதைக் கெடு தாண்டி வைத்திருந்து மார்ச் 31-க்குள்ளும் தராவிட்டால், அந்த வருஷம் அதைச் செலவாகக் காட்ட முடியாது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு வேலை செய்கிறாய் என்றால், அந்த மில்லின் ஆடிட்டர் உனக்காகப் பேசுவார். உன் பில்லில் உத்யம் எண் இருந்தால் போதும்.

இவ்வளவு பெரிய ஆயுதம் இருந்தும் ஏன் யாரும் எடுப்பதில்லை? சட்டம் தெரியாது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி எனக்கே தெரியும். சில வருஷத்துக்கு முன் ஒரு தொழிற்சாலை அலுவலகத்துக்கு விடுமுறை நாட்களில் உட்கார்ந்து ஒரு தளம் செய்து கொடுத்தேன். பாக்கி 18,000 ரூபாய் இன்று வரை வரவில்லை. வேலையை வாங்கிக் கொடுத்தவர் சித்தப்பாவின் நண்பர். கல்யாண வீட்டில் பார்த்தால் "பாத்துக்கலாம் தம்பி" என்பார். அவர் மேல் மனுப் போட்டுவிட்டுச் சித்தப்பா வீட்டுப் படியேற முடியுமா? செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்குப் போடக் கெடு மூன்று வருஷம். அதுவும் போய்விட்டது. 'பாத்துக்கலாம்' என்பதை அவர் கையெழுத்தோடு ஒரு சீட்டில் கடன் ஒப்புதலாக எழுதி வாங்கியிருந்தால் கெடு அன்றிலிருந்து மறுபடி ஓடியிருக்கும். கல்யாண வீட்டில் சீட்டு நீட்ட யாருக்கு மனசு வரும்?

ஆகவே நம்ம ஊரில் ஒப்பந்தத்தின் வேலை வழக்குப் போடுவது இல்லை. பணப் பேச்சை உறவு கெடாத முதல் நாளிலேயே பேசி வைப்பது. பாதிப் பணம் முன்னால். மீதிக்குத் தேதி. அமெரிக்கக் கட்டுரைகள் சொல்கிற "வேலை முடிந்ததும் இன்வாய்ஸ் அனுப்பு, 30 நாள் கொடு" என்பது பெரிய கம்பெனிகளோடு வேலை செய்பவர்களின் பழக்கம்.

அடுத்தது உரிமை. 'வொர்க் மேட் ஃபார் ஹயர்' அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் சொல். 1957-ஆம் ஆண்டின் நம்ம பதிப்புரிமைச் சட்டத்தில் அந்தச் சொல்லே கிடையாது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதிய நிரல் முதலாளிக்கு. ஃப்ரீலான்ஸ்காரர் எழுதியது அவருக்கே, எழுத்தில் மாற்றிக் கொடுக்கும் வரை. அந்த எழுத்திலும் கண்ணிகள் இருக்கு. 19-ஆம் பிரிவைப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதி, வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. எழுத்தாளரை ஏமாற்றும் பதிப்பாளரை மனசில் வைத்து எழுதிய பிரிவு. வெப்சைட்டில் அது விநோதமாக வேலை செய்கிறது. காலமும் இடமும் எழுதாமல் ஒரு துபாய்க் கடைக்குத் தளம் செய்து, இந்தியச் சட்டம் என்று போட்டிருந்தால், அவர் வாங்கியது இந்தியாவுக்குள் ஐந்து வருஷ உரிமை! கிளையன்டுக்கும் இது ஆபத்து என்பதை எடுத்துச் சொன்னால், இரண்டு வரி கூடுதலாக எழுத அவரே சம்மதிப்பார்.

இரண்டு வருஷம் வேறு சேலைக்கடைக்கு வேலை செய்யாதே என்ற பிரிவும் அப்படியே. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வேலை முடிந்த பிறகு உன்னைக் கட்டிப் போட முடியாது. ஆனால் கம்பெனி வேலையில் இருந்துகொண்டே ராத்திரி ஃப்ரீலான்ஸ் செய்பவர்கள் இதைத் தப்பாகப் படிக்க வேண்டாம். வேலையில் இருக்கும் காலத்துத் தடை வேறு விஷயம், அது செல்லும்.

கடைசியாகச் சாவி. பூட்டுக்குப் பேர் போன ஊர் நம்மது, திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் வந்தது. ஆனால் நம்ம பையன்கள் செய்து தருகிற தளங்களில் சாவி யாரிடம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. இதில் முதல் குற்றவாளி நானே. பல வருஷத்துக்கு முன் ஒரு பள்ளிக்குத் தளம் செய்தபோது, அவசரத்துக்கு என் பேரில், என் கார்டில் டொமைன் வாங்கினேன். பிறகு வேலை மாறினேன், ஊர் மாறினேன், கார்டு காலாவதி. நினைவூட்டல்கள் நான் திறக்காத ஒரு பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் பள்ளி அலுவலகத்தில் இருந்து போன்: "சார், நம்ம வெப்சைட்ல ஏதோ சூதாட்ட விளம்பரம் வருது." டொமைனை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். நோட்டுப் புத்தக அட்டையில் எல்லாம் அந்த முகவரி அச்சாகி இருந்தது. பள்ளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டொமைன் என்பது வெறும் முகவரி இல்லை, வணிகப் பேருக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று 2004-லேயே சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'தலப்பாகட்டி' என்ற பேருக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போன ஊர்க்காரர்களுக்குப் பேரின் மதிப்பைத் தனியாகச் சொல்லணுமா? அந்தப் பேர் கிளையன்டின் மின்னஞ்சலில், கிளையன்டின் பேரில் பதிவாக வேண்டும். ஹோஸ்டிங்கும் அப்படியே. உனக்கு வேலை செய்ய ஒரு தனிப் பயனர் கணக்கு போதும்.

"அப்ப காசு தரலைன்னா எதைப் புடிச்சு வைக்கிறது மாமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இணையத்தில் ஒரு நிரல்துண்டு சுற்றுகிறது. கெடு தாண்டியதும் தளம் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போய்க் கடைசியில் மறைந்துவிடும். எல்லாரும் சிரித்துப் பகிர்வது. அதை இங்கே ஒரு கடைக்காரரின் சர்வரில் போட்டால், அவர் காவல் நிலையத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளைக் காட்டிப் புகார் கொடுக்க வழி உண்டு. மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் என்று இருக்கும் பிரிவு. பாக்கி அவரிடம், வழக்கு உன் மேல். பிடித்து வைக்க வேண்டியதை ஒப்படைக்கும் முன்னாலேயே பிடித்து வை. வேலை நடக்கும் வரை தளம் உன் சோதனை முகவரியில் இருக்கட்டும்.

ஒரு சின்னப் புலம்பல், இது எந்த வீடியோவிலும் வராது. கடைக்காரர்கள் 'மேட்டர்' தருவது டிடிபி சென்டரில் பாமினியிலோ வானவில்லிலோ அடித்த கோப்பாக. யூனிகோடுக்கு மாற்றி, உடைந்த கொம்புகளை எல்லாம் சரிபார்ப்பது இரண்டு நாள் வேலை. அதை விலையில் சேர்க்காத பையன்தான் பிற்பாடு "தமிழ் சைட்டே எடுக்க மாட்டேன்" என்கிறான்.

சரி, பதினோரு பக்கத்துக்குப் பதிலாக என்ன? 2008-ல் ஆண்டி கிளார்க் என்ற பிரிட்டிஷ் டிசைனர், சாதாரணப் பேச்சு ஆங்கிலத்தில் ஒரு ஒப்பந்தத்தை எழுதி எல்லாருக்கும் இலவசமாக விட்டார். அதில் நாம் எடுக்க வேண்டியது அந்தத் துணிச்சலை, சொற்களை அல்ல. நானும் பையனும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தமிழில் ஒரு பக்கம் எழுதினோம். முக்கியப் பகுதி இது:

"ஐந்து பக்கம், 60 சேலைப் படம் வரை உள்ள தளம் செய்து தருகிறேன். மொத்தம் 30,000 ரூபாய். இன்று 15,000. சோதனைத் தளம் காட்டும் நாளில் 5,000. ஒப்படைத்த நாளில் இருந்து 45 நாளுக்குள் மீதி 10,000. திருத்தங்கள் இரண்டு சுற்று. ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லவும். டொமைனும் ஹோஸ்டிங்கும் கடை உரிமையாளர் பேரில், அவர் மின்னஞ்சலில் இருக்கும். ஆண்டுக் கட்டணம் அவருடையது. படங்களும் விவரங்களும் கடையுடையவை. முழுத் தொகை வந்த நாளில், இந்தத் தளத்துக்காக நான் உருவாக்கிய வடிவமைப்பு, நிரல் இரண்டின் பதிப்புரிமையையும் உலகம் முழுவதற்கும், உரிமைக் காலம் முழுவதற்கும் கடைக்கு எழுதித் தருகிறேன். உடனே பயன்படுத்தாவிட்டாலும் இந்த உரிமை போகாது. வேர்ட்பிரஸ், எழுத்துரு போன்றவை அவற்றின் உரிமப்படி. எனது உத்யம் எண் கீழே. தகராறு வந்தால் திண்டுக்கல்லில் பேசித் தீர்ப்போம்."

கீழே இரண்டு கையெழுத்து, தேதி. அவ்வளவுதான். மறுநாள் பையன் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டு முழுக்கப் படித்தாராம். ஆங்கிலத்தில் இருந்தால் படிக்காமல் மகனிடம் கொடுத்திருப்பார். டொமைன் வரிக்கு வந்ததும் நிமிர்ந்து, "அப்ப சாவி என்கிட்டதான் இருக்கும், இல்ல தம்பி?" என்று கேட்டிருக்கிறார். போன தடவை வேறு ஒரு பையன் செய்து கொடுத்த தளம் என்ன ஆச்சு என்றே அவருக்குத் தெரியாதாம். அந்தப் பையன் போனை எடுப்பதில்லை.

45 நாளில் மட்டும் தயங்கினார். "சித்திரைத் திருவிழா யாவாரம் முடிஞ்சாத்தான் கையில காசு நிக்கும்" என்றார். பையன் காலண்டரைப் பார்த்து, பங்குனியில் ஒப்படைத்தால் 45-ஆவது நாள் சித்திரையில்தான் விழும் என்று காட்டியிருக்கிறான். கையெழுத்துப் போட்டார். 15,000 அன்றைக்கே ஜிபேயில் வந்தது, சோதனைத் தளம் காட்டியதும் 5,000. தளத்தை ஒப்படைத்து மின்னஞ்சலும் போட்டாச்சு. 15 நாளில் ஒரே ஒரு ஆட்சேபம்தான், அரக்கு நிறச் சேலை படத்தில் மெரூனாகத் தெரிகிறது என்று. சரி செய்து கொடுத்துவிட்டான். இன்று 31-ஆவது நாள்.